ஊசி குதிக்காத வீடு

தெருவில் அவருக்கு மெல்ல மாமா என்று பெயர். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் வேறு ஒன்று இருந்தது. அது சம்பளப் பட்டியலிலும் மின்சார பில்லிலும் மட்டும் உயிரோடு இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாடிப்படியில் தடதடவென்று ஏறும்போதெல்லாம் இவர் கதவைத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டி, "மெல்ல! மெல்ல!" என்பார். பிள்ளைகள் சும்மா விடுமா? பெயரை ஒட்டிவிட்டார்கள். பெரியவர்களும் முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெற்ற மகளுக்கே அந்தப் பெயர் தெரியும் என்பது இவருக்கு வெகுநாள் தெரியாது.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். குடி இல்லை, சீட்டு இல்லை, வீட்டுக்கு நேரம் கழித்து வந்ததில்லை. பெண்டாட்டிக்கு உடம்பு முடியாவிட்டால் தானே சமைத்துப் பாத்திரமும் கழுவி வைக்கிற மனிதர். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கிறுக்கு. ரெக்கார்டு பிளேயர்.

அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. பெரிய அச்சகம் ஒன்றில் மெஷின்மேன் வேலை. காலையில் மெஷினை ஓடவிட்டால் சாயங்காலம்வரை டடக் டடக் டடக்தான். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமானால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். வீட்டுக்கு வந்து குளித்துத் தலை துவட்டிய பிறகும் மெஷின் அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது ஓர் இசைத்தட்டை உறையிலிருந்து விளிம்பைப் பிடித்து எடுப்பார். மெத்தென்ற துணியால் துடைப்பார். பிளேயரில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்குவார். முதல் வயலின் இழுப்பு வந்ததும் முகம் தளர்ந்துவிடும். அந்த ஒரு மணி நேரம் அவருடையது. அதைக்கூடக் கேட்கக் கூடாதா ஒரு மனுஷன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கலாம்தான்.

வினை என்னவென்றால், வீடு. பழைய கட்டடத்தின் முதல் மாடி, உத்தரங்களுக்கு மேல் பலகை அடித்த மரத்தரை. அடுப்படியில் ஒருவர் நடந்தால் கூடத்து மேஜைமேல் இருக்கிற டம்ளர் கிணுகிணுக்கும். அந்த மேஜைமேல்தான் பிளேயர். அதன் இரண்டு பக்கமும், அதே மேஜைமேல், ஸ்பீக்கர் பெட்டிகள். யாராவது கொஞ்சம் அழுத்தி நடந்தால் போதும், ஊசி டொக்கென்று குதித்துப் பாட்டின் நடுவிலிருந்து வேறெங்கோ போய் விழும். இவருக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறும்.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் வந்தது. பாட்டு ஓடும்போது யாரும் நடக்கக் கூடாது. நடந்தே தீர வேண்டுமானால் சுவரோரமாக, நுனிக்காலில். எந்தப் பலகை முனகும், எது சாது என்று பெண்டாட்டி மனப்பாடம் செய்துவிட்டாள். "ஏங்க, எனக்கு ரெண்டு ரெக்க வாங்கித் தந்திடுங்களேன், பறந்தே போய் சமைச்சிட்டு வந்திடறேன்" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார். சட்டத்தை மாற்றவில்லை.

மகள் சின்னவள். சட்டம் அவளுக்கு உடனே புரிந்துவிடவில்லை. முதல் பல் விழுந்த அன்று அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "அப்பா! அப்பா!" என்று அடுப்படியிலிருந்து ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள். ஊசி சர்ரென்று தட்டின் குறுக்கே இழுத்துக்கொண்டு போயிற்று. இருப்பதிலேயே அவருக்குப் பிடித்த தட்டு. எழுந்த வேகத்தில் குழந்தையின் தொடையில் ஒரு கிள்ளு. "காலை ஒடச்சிடுவேன்! எத்தன தடவ சொல்றது, மெல்லன்னு?" என்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் கதவு திறந்தது. குழந்தை சத்தம் போட்டு அழவில்லை. சத்தமும் தப்பு என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. கையை மூடிக்கொண்டு சுவரோரமாக உள்ளே போனது.

கைக்குள் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. பெண்டாட்டிதான் மறுநாள் சொன்னாள். "ஓ, அப்படியா" என்றார். அவ்வளவுதான். தட்டில் விழுந்த கீறலையே நினைத்துக்கொண்டிருந்தார் மனிதர்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் ஓடவில்லை. பூனை தோற்றுவிடும், அப்படி ஒரு நடை. பின்னால் வந்து நிற்பாள், நிற்பதே தெரியாது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டு, "நீ எப்பம்மா வந்தே?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். அப்பனுக்கு அதில் பெருமை வேறு! அச்சகத்தில் போய், "எம் பொண்ணு நடந்தா பூமிக்கே தெரியாது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. பெருமைப்படுகிற விஷயமா அது?

அவள் படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று, வேறு ஊருக்குப் போனாள். மாப்பிள்ளை நல்ல பையன், கொஞ்சம் வாயாடி. "மாமா, ஒங்க பொண்ணுக்கு ஒரு மணி கட்டி அனுப்பியிருக்கலாம். திடீர் திடீர்னு பின்னாடி வந்து நிக்கறா, எனக்கு உசிரே போயிடுது" என்று சொல்லிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். ஒரு பேத்தி பிறந்தாள். மகள் வருவாள், இரண்டு நாள் இருப்பாள், மூன்றாம் நாள் கிளம்ப ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வேலை அப்படி என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவர் ஓய்வு பெற்றார். இனி நாள் முழுக்கப் பாட்டுதான் என்று ஒரே குஷி. ஒருநாள் காலை பெண்டாட்டி கடைக்குப் போயிருந்தாள். இவர் தட்டைப் போட்டுச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். பாட்டுக்கு அடியில் ஓர் உறுமல் கிளம்பியது. ம்ம்ம்ம் என்று ஆரம்பித்து ஏறிக்கொண்டே போய், ஊசி நடுங்கிக் குதித்துவிட்டது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அப்படியே கத்தினார்: "யாரது நடக்கறது? மெல்ல!"

கண்ணைத் திறந்தார். வீட்டில் ஈ காக்கை இல்லை. மறுபடி ஊசியை வைத்தார். மறுபடி அதே உறுமல், அதே குதி. அந்த உறுமல் அவருக்குப் பழக்கமான உறுமல்தான். இத்தனை வருஷமாக அது வந்தபோதெல்லாம் அடுப்படியைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். "நான் ஒக்காந்துதாங்க இருக்கேன்" என்று பெண்டாட்டி சொன்னபோது நம்பியதில்லை.

அச்சகத்தில் அவரோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார், சிநேகிதர். அவரைக் கூட்டிவந்து காட்டினார். ஃபிட்டர் மேஜையைப் பார்த்தார், ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், பிறகு இவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, பாடற பெட்டியையும் கேக்கற ஊசியையும் ஒரே மேஜையில வச்சிருக்கியே, பெட்டி ஆட்டி மேஜை ஆடுது, மேஜை ஆட்டி ஊசி ஆடுது. அந்த ஆட்டமும் சேந்து பெட்டி வழியா வருது. உறுமாம என்ன செய்யும்?"

"சரி, நடந்தா குதிக்குதே, அது?"

"அது தரை. தரை ஆடினா அது மேல நிக்கற எல்லாந்தான் ஆடும். அடியில ரப்பர் கொடுத்தியா?"

"ரப்பரா?"

ஃபிட்டர் சிரித்துவிட்டார். "நல்லா கேட்ட போ! நம்ம மெஷினுக்கு அடியில என்ன இருந்துச்சு? பக்கத்துக் கட்டடம் அதிருதுன்னு சண்டைக்கு வந்தாங்களே, அப்ப என்ன செஞ்சோம்? நீயும் நானுந்தானே ஜாக்கி வச்சுத் தூக்கி, தடி ரப்பர் பட்டை கொடுத்தோம். அங்க மெஷின் ஆட்டம் தரைக்குப் போகாம இருக்கக் கொடுத்தோம். இங்க தரை ஆட்டம் மெஷினுக்கு வராம இருக்கக் கொடுக்கணும். அவ்வளவுதானே வித்தியாசம்?"

மெல்ல மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. எத்தனை முறை அந்தப் பட்டைகளைத் தன் கையால் மாற்றியிருக்கிறார். தேய்ந்துபோனவை அச்சகத்தின் மூலையில் கேட்பாரற்றுக் கிடந்தன. மெஷின் அதிர்ந்தபோது, பக்கத்துக் கட்டடத்துக்காரனைப் பார்த்து "நீ அசையாமல் இரு" என்று யாரும் சொல்லவில்லை. மெஷினுக்கு அடியில்தான் கை வைத்தார்கள். வீட்டில் மட்டும் அவருக்கு அந்தப் புத்தி வரவில்லையே.

பிறகு பார்க்க வேண்டுமே அவரை. ஸ்பீக்கர் பெட்டிகளை மேஜையிலிருந்து இறக்கித் தனித்தனி ஸ்டாண்டு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் அடியில் கார்க்கும் ரப்பரும் சேர்த்து ஒட்டிய பட்டை வைத்தார். உறுமல் போயிற்று. ஆனால் நடந்தால் ஊசி இன்னும் துள்ளியது. பிளேயருக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த கால்களைக் கொடுத்துப் பார்த்தார். அது படகு மாதிரி ஆடி இன்னும் மோசமாயிற்று. "தரைய நம்பாத, சுவத்துல மாட்டு" என்றார் ஃபிட்டர். செங்கல் சுவரில் இரும்புத் தாங்கி அடித்து, அதன்மேல் கனமான கல் பலகை போட்டு, கல்லுக்கும் பிளேயருக்கும் நடுவில் ஜெல் மாதிரி மெத்தென்ற நாலு கால் வைத்தார்கள். கனத்துக்கு ஏற்ற கால் கிடைக்கக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. கடினமாக இருந்தால் அதிர்வு புகுந்துவிடும், ரொம்ப மெத்தென்றிருந்தால் நசுங்கிப்போய் இருந்தும் பிரயோசனமில்லை.

எல்லாம் முடிந்ததும் தட்டைப் போட்டார். கூடத்தின் நடுவில் போய் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த வயதில், தொம்மென்று ஒரு குதி குதித்தார். டம்ளர் கிணுகிணுத்தது. பாட்டு அசையவில்லை. இன்னொரு குதி. வயலின் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

"இங்க வா! ஓடி வா! நல்லா அழுத்தி நட, ஒண்ணும் ஆகாது!" என்று பெண்டாட்டியைக் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். சுவரோரமாக, நுனிக்காலில்தான் வந்தாள். வேறு மாதிரி வரத் தெரியவில்லை அவளுக்கு. பலகையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், அந்த நாலு காலையும் குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இத அப்பவே வச்சிருந்தா, அந்தப் புள்ள கொஞ்சம் ஓடி ஆடியிருக்குமே."

அன்று அவர் பாட்டைப் பாதியில் நிறுத்தினார். ஊசி குதிக்காமலே ஒரு பாட்டு பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை. ரப்பர் வைத்திருக்க வேண்டியது மெஷினுக்கு. அவர் வைத்தது பெற்ற பெண்ணின் காலுக்கு. இது புரிய ஓர் ஆயுசு தேவைப்பட்டிருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் மகளிடமிருந்து போன் வந்தது. இந்த ஊருக்கே மாற்றல் வந்திருக்கிறதாம். மாப்பிள்ளைக்கு வேலை அங்கேயே, வாரக்கடைசியில் வந்து போவார். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், வீடு பார்க்க வேண்டுமாம்.

"வீடு எதுக்கும்மா பாக்கணும்? இது யாரு வீடு?" என்றார் இவர். "வந்து பேசிக்கலாம்ப்பா" என்றாள்.

மனிதர் தலைகால் புரியாமல் அலைந்தார். மகளும் பேத்தியும் கூடவே இருப்பார்கள், இனி எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று அவருக்கு ஒரே நம்பிக்கை. நாற்காலிக் கால், மேஜைக் கால், குளிர்ப்பெட்டி, மிக்சி என்று ஒன்று விடாமல் ரப்பர் போட்டார். "எனக்கும் ஒண்ணு ஒட்டிடுங்க, விட்டுடப் போறீங்க" என்றாள் பெண்டாட்டி. பின் அறையைக் காலி பண்ணி வெள்ளையடித்தார். பேத்திக்கு ஒரு பந்துகூட வாங்கி வைத்தார், நன்றாகத் துள்ளுகிற பந்து.

மகள் வந்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தவளின் காலடி அப்பாவுக்குக் கேட்கவில்லை. குழந்தையின் காலடி கேட்டது. அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். உட்காரக்கூட விடவில்லை அவர்களை. தட்டைப் போட்டு ஊசியை வைத்தார்.

"குட்டி, இங்க வா. இந்தத் தரையில நல்லா குதி பாப்போம். எவ்வளவு வேணா குதிக்கலாம். தாத்தா ரப்பர் போட்டிருக்கேன்."

குழந்தை அம்மாவைப் பார்த்தது. தாத்தா பந்தைக் காட்டிச் சிரித்ததும் தைரியம் வந்து, இரண்டு காலையும் தூக்கித் தொம்மென்று குதித்தது. டம்ளர் கிணுகிணுத்தது.

"மெல்ல! காலை ஒடச்சிடுவேன்!"

மகளின் குரல்தான். ஆனால் அது அவர் குரல். அந்தத் தொனி, அந்த அவசரம், எல்லாமே. கத்தியதோடு நிற்கவில்லை, அவள் கை குழந்தையின் தொடையைக் கிள்ளியும்விட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. சுவரில் பிளேயர் அசையாமல் சுழன்றுகொண்டிருந்தது, பாட்டு ஒரு இழை பிசகாமல் வந்துகொண்டிருந்தது. மகள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாட்டியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை, டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்: "அப்பா, வாடகைக்கு ஒரு வீடு பாத்திருக்கேன். ஆபீஸ்ல கூட வேல பாக்கறவங்க சொன்னாங்க. தரைத்தளம்."

"அதான் எல்லாத்தையும் சரி பண்ணிட்டேனேம்மா. இப்ப ஒண்ணும் குதிக்கறதில்லையே."

"தெரியுதுப்பா. ரப்பர் நல்லாத்தான் வேல செய்யுது." கொஞ்ச நேரம் டம்ளரையே திருப்பிக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல அவ ஓடுவா, சோபாவிலேர்ந்து தாவுவா, நான் ஒரு வார்த்தை சொன்னதில்லப்பா. சத்தியமா. அவள நான் தொட்டதுகூட இல்ல. இங்க வந்து செருப்ப கழட்டினதும் என் காலு தானா சுருங்கிக்குது. எனக்குப் பரவாயில்ல, பழகிடுச்சு. ஆனா நேத்து அவளக் கிள்ளினேன் பாருங்க, எனக்கே பயமாயிடுச்சு. இந்த வீட்டுல இருந்தா நான் அப்படித்தான் ஆயிடுவேன்."

அவருக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. தப்பு என்னுதும்மா என்று இரண்டு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தால் வந்தது வேறு. "பிளேயரயே வித்துடறேன். வேண்டாம் அது. நீ இங்க இரு."

"ஐயோ, வேண்டாம்பா," என்றாள் அவள் பதறிப்போய். "அது ஒங்க உசிரு. அத வித்த பழிய வேற என் தலையில கட்டாதீங்க." கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் அவரால் தாங்கியிருக்க முடியும். எழுந்து அவர் குடித்த டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே போனாள்.

அந்த வாரமே குடிபோனார்கள். நடந்து போகிற தூரம்தான். பகை ஒன்றும் இல்லை. மகள் தினம் போன் பண்ணினாள், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள். குழந்தை தாத்தா வீட்டில் மட்டும் பாட்டி மடியை விட்டு இறங்கவில்லை. பந்து மறுபடியும் வாங்கிய பைக்குள்ளேயே போய்விட்டது. இவர் பாட்டுக் கேட்பதைக் குறைத்துக்கொண்டார். கேட்க உட்கார்ந்தாலும் காது பாட்டில் நிற்கவில்லை, ஆட்களைத் தேடியது. "போங்களேன், போய்ப் புள்ளையப் பாத்துட்டு வாங்க. எதுக்கு வெறும் வீட்டுல ஒக்காந்துகிட்டு" என்று பெண்டாட்டி விரட்டினாள்.

ஒருநாள் சாயங்காலம் பழம் வாங்கிக்கொண்டு போனார். சொல்லாமல் போனார். கதவருகே நின்று பெல்லுக்குக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்கள். முதலில் சின்னக் கால்கள், பட பட படவென்று. "குளிக்க மாட்டேன்!" என்று ஒரு கீச்சுக்குரல். அதன் பின்னாலேயே இன்னொரு ஓட்டம், கனமாக, தடதடவென்று, தரையை மிதித்துக்கொண்டு. "இரு இரு, பிடிச்சேன் பாரு!" சிரிப்பு. ஏதோ ஒன்று தடாலென்று விழுந்தது. அதற்கும் சிரிப்பு.

அந்தக் கனத்த கால் யாருடையது என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. புரிந்தபோது பழப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். தன் பெண் ஓடினால் எப்படிக் கேட்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை. பெல்லை அடிக்காமல் கேட்டுக்கொண்டே நின்றார்.

எதிர் வீட்டு அம்மாள் கதவைத் திறந்தாள். "யாரு வேணும்? ரொம்ப நேரமா நிக்கறீங்களே. பெல் வேல செய்யும், அடிங்க."

"ஆங், அடிக்கறேன்மா" என்றார். இவர் அடிக்கிறவரைக்கும் அந்த அம்மாள் உள்ளே போவதாக இல்லை. வேறு வழியில்லாமல் பெல்லை அழுத்தினார். உள்ளே ஓட்டம் நின்றது. "யாரு?" என்று மகள் கேட்டாள்.

"நாந்தாம்மா. அப்பா."

கதவை நோக்கி யாரும் நடந்து வருவது கேட்கவில்லை. கதவு மட்டும் திறந்தது.